வளாகத்தை இரண்டாம் முறை திறந்தவருக்கு

மஸ்கெலியா மலைமுகட்டில் முளைத்து மாணவர் மனமெல்லாம் படர்ந்த மாண்பே, எண்ணென்றால் எட்ட ஓடிய இளையோரை எண்ணோடு இணக்கிய ஏந்தலே, ஓசை எட்டாத செவிக்கும் ஒளி எட்டாத விழிக்கும் படியேற இயலாத பாதத்துக்கும் கல்வி உரியதென்று கடிந்து பேசாமலே எங்களைக் கற்கவைத்த கனிவே, எங்கள் வளாகத்தின் புள்ளிவிபரவியல் முதுநிலை விரிவுரையாளர் கலாநிதி இராசம்மா பத்திநாதன் அவர்களே, வணக்கம்!

பணி நிறைவு பெற்றுச் செல்பவரைப் பாராட்டும்போது அன்பையும் நன்றியையும் அள்ளி வைப்பது வழக்கம். அவை இரண்டும் எங்களிடம் நிறையவே உண்டு. ஆனால் அவற்றுக்கு முன்னால் முண்டியடித்துக்கொண்டு நிற்பது வேறொன்று. தங்கள் மீது எங்களுக்குப் பொறாமை. சென்ற வாரம் வந்ததன்று அது. பல ஆண்டுகளாகப் பாலூட்டி வளர்த்த பொறாமை.

இம்மடலை எழுதும் பொறுப்பை ஊழியர் ஒன்றியத்தார் வரலாற்றுத்துறைத் தலைவன் கணேசமூர்த்தியாகிய என்னிடம் தந்தார்கள். முதல் வரைவைக் கண்டதும், விழா மேடையில் இப்படியொரு சொல் வரலாமா என்று சிலர் தயங்கினார்கள். தாள் கைமாறிக் கைமாறிச் சென்றது. வாசித்த எவரும் அச்சொல்லை அடிக்கவில்லை. பரீட்சைப் பிரிவின் பிரியந்தி மட்டும் திருப்பித் தரும்போது, "எனக்கும் சேத்து எழுதிருங்க சேர்" என்றார். ஆகவே இது ஒருவனுடைய பொறாமை அன்று. கல்விசார், கல்விசாரா ஊழியர் அனைவருடைய பொறாமை.

தாங்கள் கற்பித்த பாடத்தை நினைத்தாலே எங்களுக்கு ஆற்றாமை வரும். புள்ளிவிபரவியலை விரும்பி எவர் படிக்கிறார்? கலைப்பீடத்து மாணவருக்கு அது கசப்பு மருந்து. நாங்களோ காவியம் கற்பித்தோம், காலங்களின் கதை சொன்னோம், சந்தையும் சமூகமும் பற்றிப் பேசினோம். எங்கள் வகுப்பில் கொட்டாவி கேட்கும். சுவருக்கு அப்பால் தங்கள் வகுப்பில் சிரிப்பு கேட்கும். சராசரிக்கும் நடு எண்ணாகிய இடையத்துக்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லி இத்தனை பேரை எப்படிச் சிரிக்கவைக்கிறார் என்று நானே ஒருநாள் யன்னலோரம் நின்று கேட்டேன். தோட்டத்தில் எல்லோரும் ஒரே அளவு கொழுந்து பறிக்க, கணக்கெழுதும் கங்காணியின் மாமியார் பேரில் மட்டும் பத்து மடங்கு விழுந்தால் சராசரி என்ன ஆகும் என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதனால் கோபமும் வந்தது.

ஆனால் இவையெல்லாம் சில்லறைப் பொறாமைகள். எங்கள் பெரும்பொறாமைக்கு ஒரு வரலாறு உண்டு. அது சுலக்ஷனா என்ற மாணவியிடம் தொடங்குகிறது.

இறம்பொடைத் தோட்டமொன்றின் லயத்து வரிசைவீட்டிலிருந்து வந்தவர் சுலக்ஷனா. சிறு வயதில் வந்த காய்ச்சலொன்று அவருடைய செவிப்புலனை எடுத்துச் சென்றது. பேசுவோரின் உதடுகளைப் பார்த்தே பள்ளிப்படிப்பை முடித்து, வரலாறு படிக்க வேண்டும் என்ற ஆசையோடு எங்கள் வளாகத்துக்கு வந்தார். வந்த சில வாரங்களில் கொரோனா வந்தது. வளாகம் மூடப்பட்டது. மீண்டும் திறந்தபோது, ஆசிரியர், மாணவர், அலுவலர், சிற்றுண்டிச்சாலைப் பணியாளர் என்று எல்லோர் வாயும் முகக்கவசத்துக்குள் இருந்தது.

சுலக்ஷனா ஒவ்வொரு வகுப்பிலும் முன்வரிசையில் அமர்ந்தார். தலையசைத்தார், புன்னகைத்தார். இத்தனை கவனமான மாணவியா என்று நாங்கள் மகிழ்ந்தோம். என் வகுப்பில் அவர் அசைத்த தலைக்காகவே நான் கூடுதலாக ஓர் உவமை சொன்ன நாளும் உண்டு. தாங்கள் மட்டுமே வேறொன்றைக் கண்டீர்கள். வகுப்பு சிரித்தபோது அவர் சற்றுப் பிந்திச் சிரித்தார். அதுவும் பக்கத்தில் இருப்போரைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். இவ்வளவுதான் தாங்கள் கண்டது. வகுப்பு முடிந்ததும், என்ன சிக்கல் என்று தாளொன்றில் எழுதி அவரிடம் கேட்டீர்கள். அவர் ஒன்றுமில்லை என்று எழுதித் தந்துவிட்டுப் போனார். அதன் பிறகு வளாகத்துக்கு வரவேயில்லை.

வராத மாணவருக்கு வரவு இல்லை என்று குறிப்பது எங்களுக்குத் தெரிந்த வேலை. தாங்கள் ஹட்டனில் பஸ் ஏறி, நுவரெலியாவில் மாறி, இறம்பொடையில் இறங்கித் தேயிலைக் காட்டுப் படிகளில் ஏறிப் போனீர்கள். இதைத் தாங்கள் எங்களிடம் ஒருபோதும் சொன்னதில்லை. பட்டமளிப்பு விழாவன்று சுலக்ஷனாவின் தாயார் காளியாயி அம்மா சொல்லித்தான் அறிந்தோம். லயத்து வாசலுக்கு வெளியே, மழை தூறிய முற்றத்தில், எட்ட நின்று முகக்கவசத்தைக் கழற்றினீர்களாம். வீட்டுக்குள் வாங்க என்று அழைத்தும் வரவில்லையாம். காற்றாடும் இடத்தில் நின்றால்தான் வாயைத் திறந்து காட்டலாம் என்றீர்களாம்.

"புள்ள கொழும்புக்குத் தையல் வேலைக்குப் போறேன்னு நிக்குதுங்க மிஸ்" என்று காளியாயி அம்மா முறையிட்டிருக்கிறார். அப்போது சுலக்ஷனா சொன்ன சொல்லை அந்தத் தாயார் எங்களிடம் அப்படியே சொன்னார்.

"எல்லாரும் வாய மூடிக்கிட்டாங்க மிஸ். எல்லாருக்கும் கெம்பஸ் தொறந்துருச்சு. எனக்கு மட்டும் இன்னும் தொறக்கல."

தாங்கள் ஆறுதல் மொழி எதுவும் சொல்லவில்லையாம். "இந்த டேர்ம் முடியிற வரைக்கும் இரு. தொறக்கப் பாக்குறேன். முடியலைன்னா நானே ஒன்னைய கொழும்பு பஸ்ல ஏத்தி விடுறேன்" என்றீர்களாம். முடியாமலும் போகலாம் என்பதை ஒளிக்காமல் சொன்னதால்தான் மகள் நம்பினாள் என்றார் காளியாயி அம்மா. எங்களில் ஒருவர் போயிருந்தால் வானத்தை வில்லாய் வளைப்பதாக வாக்களித்திருப்போம். அந்தப் பிள்ளை அடுத்த நாளே கொழும்புக்குப் போயிருக்கும்.

திறப்பது எளிதாயில்லை. முதலில், வாய்ப்பக்கம் கண்ணாடித்தாள் வைத்த முகக்கவசங்களைத் தாங்களே தைத்து வந்து எங்களுக்குத் தந்தீர்கள். மலைநாட்டுக் குளிர் அவற்றைத் தோற்கடித்தது. பேசத் தொடங்கிய சிறிது நேரத்தில் மூச்சுப்பட்டு மங்கிவிடும். உள்ளே உதடு இருக்கிறதா என்றே தெரியாது. பிறகு, பேச்சைக் கேட்டு எழுத்தாக்கும் செயலியொன்றைக் கைப்பேசியில் போட்டுத் திரையில் காட்டினீர்கள். எங்கள் மலையகத் தமிழ் அதற்குப் பிடிபடவில்லை. குடியுரிமையை "பிரஜாவுரிமை" என்று நான் சொன்னது "பிரியாணி உரிமை" என்று திரையில் விழுந்து, வகுப்பு முழுவதும் அந்த உரிமைக்காகப் போராடத் தயாராயிற்று. அன்று சுலக்ஷனா எவரையும் திரும்பிப் பாராமல், எல்லோரோடும் ஒரே நேரத்தில் சிரித்தார். அதைத் தாங்கள் கவனித்தீர்கள். நான் என் மானம் போனதை மட்டும் கவனித்தேன்.

பின்னர்ப் பீடச் சபையில் இந்தப் பொருளை எடுத்தீர்கள். சட்டம் பேசுவீர்கள், சுற்றறிக்கை காட்டுவீர்கள், எங்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவீர்கள் என்று நாங்கள் மறுமொழிகளோடு காத்திருந்தோம். தாங்கள் இரண்டே கோரிக்கை வைத்தீர்கள்: பாடக் குறிப்பை முதல் நாளே கொடுப்பது, முகக்கவசம் கழலும் நாள் வந்ததும் கரும்பலகையைப் பார்த்துப் பேசாமல் வகுப்பைப் பார்த்துப் பேசுவது. பொருளியல் விரிவுரையாளர் ஜீவராஜ் எழுந்து, ஒரு பிள்ளைக்காக நாங்கள் இத்தனை பேரும் மாறவேண்டுமா என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்டதன்று, வேலைப்பளுவில் கேட்டது. எங்களில் பலர் மனத்தில் இருந்ததும் அதுவே.

"ஒரு புள்ளைக்காகத்தாங்க சேர்" என்றீர்கள் தாங்கள். "மத்தப் புள்ளைகளுக்கெல்லாம் நம்ம பேசுறது கேக்குதுன்னு நம்ம நம்பிக்கிட்டு இருக்கோம். அது பாட்டுக்கு இருக்கட்டும்."

சபையில் அன்று தீர்மானம் எதுவும் நிறைவேறவில்லை. ஆனால் ஜீவராஜ் மறுவாரம் குறிப்புகளை முன்கூட்டியே கொடுத்துப் பார்த்தார். சுலக்ஷனா ஒரு பிரதி எடுத்தார். மற்றப் பிரதிகளுக்கு அடிதடி நடந்தது. ராகலையிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்துபோகும் பிள்ளைகள், சிங்கள மொழியில் பள்ளிப்படிப்பை முடித்துத் தமிழில் பட்டம் படிக்க வந்த பிள்ளைகள், வேகமாக எழுத வராதவர்கள், கேட்டதை மறப்பவர்கள், எல்லோரும் அவர் அறைக்கு முன்னால் நின்றார்கள். ஜீவராஜ் அறை வாசலில் மாணவர் வரிசை நின்றது அதுவே முதல் தடவை. அவர் நெஞ்சு நிமிர்ந்ததை நாங்கள் கண்டோம். எங்களுக்குப் பொறுக்கவில்லை.

அடுத்து முகக்கவசம் கழற்றும் காலம் வந்தது. அப்போதுதான் ஜீவராஜின் மீசை ஒரு சிக்கல் என்று தெரிந்தது. மேலுதட்டை முழுவதுமாக மூடிய மீசை அது. அவருடைய பெருமையும் அதுவே. சுலக்ஷனா தயங்கித் தயங்கித் தங்களிடம் வந்து சொல்ல, தாங்கள் தூது போகாமல் அவரையே அனுப்பிவைத்தீர்கள். "சேர், மீசைய கொஞ்சம் ஒதுக்கினீங்கன்னா எனக்குப் பாடம் கேக்கும்" என்று அந்தப் பிள்ளை கேட்க, நண்பர் மறுநாள் வேறு முகத்தோடு வந்தார். பத்து வயது குறைந்துவிட்டதாக வீட்டில் சொன்னார்களாம். அந்தப் புகழும் தங்களுக்கே போயிற்று.

இப்போது என் பங்குக்கு வருகிறேன்.

ஆண்டுதோறும் நடக்கும் எங்கள் துறையின் பேருரையை அவ்வாண்டு நான் ஆற்றினேன். மலையக மக்களின் வருகையும் வாழ்வும் பற்றியது தலைப்பு. மண்டபம் நிறைந்திருந்தது. எழுதிவைத்துப் படிப்பது என் வழக்கமன்று. ஊற்றெடுத்துப் பேசுவதே என் கலை. ஆகவே முன்கூட்டிக் கொடுக்க என்னிடம் குறிப்பு எதுவும் இல்லை. மேடையில் நான் உலவி உலவிப் பேச, என் முகம் ஒருபோதும் ஓரிடத்தில் நிற்கவில்லை. தாங்கள் சுலக்ஷனாவின் அருகே அமர்ந்து, நான் பேசியதை உடனுக்குடன் கொப்பியில் எழுதி எழுதிக் காட்டிக்கொண்டிருந்தீர்கள். பின்வரிசையில் இருந்தவர்கள் எழும்பி எழும்பித் தங்கள் எழுதுகோலையே பார்த்தார்கள். நான் உச்சக்கட்டத்தை எட்டியபோது மண்டபத்தின் பாதிக் கண்கள் என் மேல் இல்லை.

உரை முடிந்ததும் சுலக்ஷனா என்னிடம் வந்தார். கண் கலங்கியிருந்தது. என் பேச்சு உருக்கிவிட்டது என்றே நினைத்தேன்.

"சேர், இன்னைக்குத்தான் ஒங்க பேச்ச மொத மொதல்ல முழுசா கேட்டேன். மிஸ் எழுதினது ரொம்ப நல்லா இருந்துச்சு" என்றார்.

அவர் என் துறை மாணவி. என்னிடம் வரலாறு படிக்கவே மலை தாண்டி வந்தவர். என் சொல் அவருக்குத் தங்கள் கையெழுத்தில்தான் கேட்டது. அன்றிரவு எனக்கு உறக்கம் பிடிக்கவில்லை என்று சொல்வது மரபு. நன்றாகவே உறங்கினேன், விடிந்ததும் பொறாமையோடு எழுந்தேன். அன்று தொடங்கி என் ஒவ்வொரு விரிவுரையையும் எழுதி, முதல் நாளே கொடுத்து, நின்ற இடத்தில் நின்று, அந்தப் பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசினேன். அறம் கருதிச் செய்தேன் என்று இம்மேடையில் சொல்ல ஆசைதான். தங்களை ஒருமுறையாவது வெல்லவேண்டும் என்றே செய்தேன்.

எனக்கு வந்தது எல்லோருக்கும் வந்தது. மாணவர்கள் தங்களைப் பற்றிப் பேசும் குரலில் எங்களைப் பற்றியும் பேசவேண்டும் என்று ஒவ்வொருவரும் ஆசைப்பட்டோம். பரீட்சைப் பிரிவில் பெயரைக் கூவி அழைப்பதை நிறுத்தி, பிரியந்தி இலக்கங்களைப் பலகையில் எழுதத் தொடங்கினார். நூலகத்தார் அதைக் கண்டு, பார்வைக் குறையுள்ளோருக்காக நூல்களை ஒலிப்பதிவு செய்யப் புறப்பட்டார்கள். வாசிக்க முன்வந்தவர்களுக்குள் யாருடைய குரல் இனியது என்று போட்டியே நடந்தது. பராமரிப்புப் பகுதியினர் நூலகத்துக்கும் சிற்றுண்டிச்சாலைக்கும் சாய்வுப் பாதை அமைத்தார்கள். முதலில் கட்டியது செங்குத்தாகி, ஏற்றிய தள்ளுவண்டி பின்னோக்கி உருண்டுவந்தது. அவர்கள் அதை உடைத்து வளைத்துக் கட்டியபோது தாங்கள் தேநீர் வாங்கிக் கொடுத்துக்கொண்டு பக்கத்தில் நின்றீர்கள். இப்படிச் செய்யுங்கள் என்று ஒரு சொல் சொல்லவில்லை. கட்டி முடிந்ததும், நீங்கள் இல்லாவிட்டால் இது நடந்திருக்காது என்று அவர்களிடமே சொன்னீர்கள். அவர்களும் அதை நம்பினார்கள். எங்களில் எவரேனும் ஒரு நல்ல காரியம் செய்தால் அடுத்த கூட்டத்தில் அவர் பெயரைச் சொல்லிப் பாராட்டுவீர்கள். தங்கள் பெயர் எங்கும் வராது. வந்திருந்தால் குறை கண்டிருப்போம். அந்த வாய்ப்பையும் தாங்கள் எங்களுக்குத் தரவில்லை.

சுலக்ஷனா கொழும்பு பஸ் ஏறவில்லை. வரலாற்றில் சிறப்புப் பட்டம் பெற்றார். பட்டமளிப்பு நாளில் பெயர் அழைத்தபோது திரையிலும் அது எழுத்தாய் வந்தது. எவர் கையும் தொட்டு எழுப்பாமல் தாமே எழுந்து நடந்தார். இன்று எங்கள் துறையின் தற்காலிக உதவி விரிவுரையாளர் அவர். இதில் மட்டும் நான் தங்களை வென்றேன் என்று நினைத்திருந்தேன். துறை என்னுடையது, மேசை என்னுடைய அறைக்கு அடுத்தது. ஆனால் தேநீர் வேளை வந்தால் அவர் கால்கள் போவது தங்கள் அறைக்கு.

இவற்றையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்வோம். தாங்க இயலாத ஒன்று சென்ற மாதம் நடந்தது.

புதிய மாணவரை வரவேற்கும் நாள். தங்கள் ஊரான மஸ்கெலியாவிலிருந்து ஜூட்சன் என்ற மாணவர் சக்கர நாற்காலியில் வந்திருந்தார். அவர் தந்தையார் தோட்டத்து லொறிச் சாரதி. மகனைத் தூக்கிச் செல்வதற்கென்றே உறவினர் இருவரைக் கூட்டி வந்திருந்தார். தூக்கும் தேவை எங்கும் வரவில்லை. பதிவு மேசை மகனுடைய உயரத்துக்கு இருந்தது. விடுதியில் கீழ்த்தள அறை காத்திருந்தது. அன்றைய உரைகள் எல்லாம் கையில் தாளாகவும் திரையில் எழுத்தாகவும் வந்தன. மாலையானதும் அந்தத் தந்தையார் வரவேற்பு மேசையில் இருந்த அலுவலக உதவியாளர் சோலைமலையிடம் போய், இந்த ஏற்பாட்டையெல்லாம் செய்தது யார், அவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லவேண்டும் என்று கேட்டார்.

சோலைமலை சென்ற ஆண்டு பணியில் சேர்ந்தவர். முந்திய கதை எதுவும் அறியாதவர். கேள்வியே அவருக்கு விளங்கவில்லை.

"யாரும் செய்யலைங்க. இங்க எப்பவும் இப்புடித்தாங்க" என்றார்.

தாங்கள் பக்கத்தில்தான் நின்றீர்கள். நாங்களும் நின்றோம். இப்போதாவது வாய் திறப்பீர்கள் என்று பார்த்தோம். நாங்களாக இருந்தால் திறந்திருப்போம். எங்கள் பெயரும் பதவியும் ஆண்டும் சொல்லி, கல்வெட்டு எங்கே வைப்பது என்றும் காட்டியிருப்போம். தாங்கள் அந்தத் தந்தையாரைப் பார்த்து, "ஆமாங்க, இங்க இப்புடித்தான். தம்பி நல்லா படிக்கட்டும்" என்று மட்டும் சொன்னீர்கள். சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று குடையை விரித்துக்கொண்டு நடந்தீர்கள்.

கலாநிதி இராசம்மா அவர்களே, ஒருவர் செய்த வேலை அவர் பெயரையே மறக்கும் அளவுக்கு ஊரின் இயல்பாக மாறிப்போவதை எங்கள் வாழ்நாளில் அதற்கு முன் கண்டதில்லை. எங்களுக்கு விருதுகள் உண்டு, நூல்கள் உண்டு, சுவரில் படங்கள் உண்டு. அவை அனைத்தையும் தருகிறோம், அந்த ஒரு மாலைப்பொழுதை எங்களுக்குத் தருவீர்களா என்று கேட்கத் தோன்றுகிறது. தரமாட்டீர்கள் என்பதன்று எங்கள் வருத்தம். கேட்டால் தந்துவிடுவீர்கள்; நீங்களெல்லாம் செய்ததுதானே என்பீர்கள். அதுதான் எங்களைச் சுடுகிறது.

மஸ்கெலியா நீர்த்தேக்கக் கரையில் தங்கை வீட்டருகே தாங்கள் குடியேறப்போவதாக அறிகிறோம். அங்கே பனியும் மழையும் தங்கள் மூட்டுகளை வருத்தாதிருக்கட்டும். கண்ணொளி கடைசிவரை கூர்மையாயிருக்கட்டும். ஞாயிறு பூசையும் நல்ல தேநீரும் நண்பர் வரவும் குறையாதிருக்கட்டும். கர்த்தர் தங்களுக்கு நூறாண்டு கடந்த நலவாழ்வு அருளட்டும். கூடவே எங்களுக்கும் கொஞ்சம் ஆயுள் தரட்டும். ஹட்டன் பஸ்ஸிலிருந்து இறங்கித் தங்கள் வீட்டு வாசலில் வந்து குவியப்போகும் பிள்ளைகளை, எட்ட நின்று பார்த்து எரிந்துகொண்டிருக்க எங்களுக்கும் நெடுங்காலம் வேண்டும்.

இங்ஙனம்,
தங்களைப் போல் ஆக முடியாத ஆற்றாமையும், தங்களோடு பணியாற்றிய பெருமிதமும் ஒருங்கே கொண்ட,
வளாகத்தின் கல்விசார், கல்விசாரா ஊழியர்கள்.
ஹட்டன்.